1969 கேமரோவுக்கு எந்தக் கார்புரேட்டர்?

வாசகர் கேள்வி: டெக்சாஸில் டாலஸ் நகருக்கு அருகே வசிக்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் 1969ஆம் ஆண்டின் செவ்ரலே கேமரோ எஸ்.எஸ். ஒன்றை வாங்கினேன். 350 கன அங்குல எஞ்சின், மூன்று கியர் ஆட்டோமேட்டிக், பின் அச்சு விகிதம் 3.08. முந்தைய உரிமையாளர் எஞ்சினைப் பிரித்துப் புதுப்பித்திருக்கிறார். கேம் ஷாஃப்ட் தொழிற்சாலை அளவிலேயே போடப்பட்டதாக ரசீதில் உள்ளது. இன்டேக் மேனிஃபோல்டு பழைய இரும்பு வார்ப்பு. கோடையில் ஓட்டி நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்தால் நெடுநேரம் மறுக்கிறது, பெட்ரோல் வாடை அடிக்கிறது. புகைக்குழாயில் கறுப்புப் புகை வருகிறது. ஆக்ஸிலரேட்டரை ஒரேயடியாக மிதித்தால் மூச்சடைத்ததுபோல் ஒரு கணம் நின்று, பிறகுதான் பாய்கிறது. இருப்பது பழைய குவாட்ராஜெட் கார்புரேட்டர். அதைத் தூக்கி எறிந்துவிட்டு ஹாலி நிறுவனத்தின் 750 அளவு டபுள் பம்பர் போடச் சொல்கிறார் எங்கள் ஊர் மெக்கானிக். என் மகன் எடெல்பிராக் நிறுவனத்தின் 600 போதும் என்கிறான். ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிடலாம் என்கிறார் நண்பர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டுவதற்கும் எப்போதாவது கண்காட்சிக்குக் கொண்டுபோவதற்கும்தான் இந்தக் கார். எதை வாங்கட்டும்?

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவியாக இருந்தவை, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் தொழிற்சாலை அளவில் இருக்கிறது என்பதும், பின் அச்சு 3.08 (சக்கரம் ஒருமுறை சுழலக் கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டு 3.08 முறை சுழலும்) என்பதும்தான். கார்புரேட்டர் கேட்டு வருகிறவர்களில் பலர் காரின் நிறத்தைச் சொல்வார்கள், சக்கரத்தின் அளவைச் சொல்வார்கள், இந்த இரண்டை மட்டும் சொல்லமாட்டார்கள். இவை தெரிந்துவிட்டதால் தயக்கமின்றிச் சொல்கிறேன்: 750 டபுள் பம்பர் உங்கள் காருக்கு வேண்டாம். அதோடு, இப்போதைக்கு வேறு எதையும் வாங்கவும் வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் மூன்று கோளாறுகளில் முதலாவதற்குக் காரணம் கார்புரேட்டருக்கு வெளியேகூட இருக்கலாம். மற்ற இரண்டும் வயதான குவாட்ராஜெட்டில் வழக்கமாக வருபவை, பெரும்பாலும் சரிசெய்யக்கூடியவை.

முதலில் அளவைப் பேசுவோம். எஞ்சினுக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்பதைத் தாளில் போட்டே பார்த்துவிடலாம். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தன் முழுக் கொள்ளளவையும் உறிஞ்சுகிறது; ஒரு கன அடிக்கு 1,728 கன அங்குலம். ஆகவே 350-ஐ நிமிடச் சுற்றால் பெருக்கி 3,456-ஆல் வகுத்தால், நிமிடத்துக்கு எத்தனை கன அடி என்பது கிடைத்துவிடும்; கார்புரேட்டர் விற்பவர்கள் சி.எஃப்.எம். என்று சொல்லும் எண் இதுதான். உங்கள் எஞ்சினின் 300 குதிரைத்திறன் 4,800 சுற்றில் கிடைப்பதாக அன்றைய தொழிற்சாலைக் கணக்கு. அந்தக் கேமோடு 5,500-க்கு மேல் முறுக்குவதில் பயனில்லை. 5,500 என்றே வைத்துக்கொண்டால் 557 வருகிறது. இதுவும் ஒவ்வொரு சிலிண்டரும் விளிம்புவரை நிரம்பினால்தான். சாலையில் ஓடும் இத்தகைய எஞ்சின் 85 விழுக்காடு நிரம்பினாலே நல்லது என்பதால், உண்மையான தேவை 475-ஐ ஒட்டித்தான் நிற்கும்.

அப்படியானால் 750 போட்டால் கூடுதல் இடம் சும்மா கிடந்துவிட்டுப் போகட்டுமே, என்ன நட்டம் என்று கேட்கலாம். கார்புரேட்டர் பெட்ரோலை ஊற்றுவதில்லை. வெஞ்சுரி என்னும் குறுகலான கழுத்து வழியாகக் காற்று விரைந்து போகும்போது அங்கே அழுத்தம் குறைகிறது, அந்தக் குறைவுதான் பெட்ரோல் தேங்கும் கிண்ணத்திலிருந்து அதை மேலே இழுக்கிறது. கழுத்து தேவைக்கு மேல் அகலமாக இருந்தால் காற்று சோம்பலாகப் போகும், இழுப்பு பலவீனப்படும், குறைந்த சுற்றில் கலவை தடுமாறும். டபுள் பம்பரில் இதற்கு மேல் ஒன்று உண்டு. அதன் நான்கு காற்றுத் துளைகளில் பின்பக்கத்து இரண்டும் ஆக்ஸிலரேட்டரோடு நேரடியாக இணைக்கப்பட்டவை. எஞ்சின் கேட்கிறதா இல்லையா என்று பார்க்காமல், கால் சொன்னபடி திறந்துவிடும். திடீரென்று விழும் இழுப்பை ஈடுகட்டத்தான் முன்னும் பின்னுமாக இரண்டு பம்புகள் பெட்ரோலைப் பீய்ச்சுகின்றன. கையால் கியர் மாற்றும், எடை குறைந்த, பின் அச்சில் 4.10 போன்ற விகிதம் கொண்ட காரில் சுற்று சட்டென்று ஏறிவிடும் என்பதால் அது பொருந்தும். ஆட்டோமேட்டிக்கும் 3.08 அச்சும் உள்ள உங்கள் காரில், இப்போது இருக்கிற மூச்சடைப்பு அப்படியே நீடிக்கும். பெட்ரோல் செலவு மட்டும் கூடும்.

உங்கள் மெக்கானிக் இங்கே ஒரு நியாயமான கேள்வி கேட்கக்கூடும்: செவ்ரலே நிறுவனமே இந்த எஞ்சினுக்குப் போட்ட குவாட்ராஜெட் 750 அளவுதானே? ஆம், அதுவும் 750-தான். ஆனால் இரண்டு 750-களும் வேலை செய்யும் விதம் வேறு. 1965இல் வந்த ராச்செஸ்டர் குவாட்ராஜெட்டின் முன்பக்கத் துளைகள் 1 3/8 அங்குலம்தான்; பின்பக்கத் துளைகள் 2 1/4 அங்குலம். நகருக்குள் ஓட்டும்போது அந்தச் சிறிய துளைகள் மட்டுமே வேலை செய்வதால் காற்று வேகமாகப் போகிறது, கலவை துல்லியமாக இருக்கிறது. முழுதாக மிதித்தால் பின்பக்கத் தட்டுகள் கீழே திறந்தாலும், அவற்றுக்கு மேலே ஒரு காற்றுக்கதவு ஸ்பிரிங் இழுப்பில் மூடியே இருக்கும்; எஞ்சினின் உறிஞ்சல் கூடக் கூட அந்தக் கதவு தானாகத் தாழ்ந்து, தேவையான அளவுக்கு மட்டும் வழிவிடும். அம்பாசடரில் எஸ்.யூ. கார்புரேட்டரைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு, உறிஞ்சலுக்கு ஏற்ப ஏறி இறங்கும் அதன் பிஸ்டன் நினைவுக்கு வரும். கருத்து அதேதான், உருவம் வேறு. ஆகவே 475 வேண்டிய எஞ்சினுக்கு இந்த 750 ஏறக்குறைய 475 ஆகவே நடந்துகொள்கிறது. இதைப் புரிந்துகொள்ளாதவர்கள்தான் இதற்கு ‘குவாட்ராஜங்க்’ (ஜங்க் என்றால் குப்பை) என்று பட்டம் கட்டினார்கள்.

பெரிய எண்ணின் மீதான மோகத்துக்கு அதே ஆண்டின் இசட்/28 கேமரோவும் ஒரு காரணம். 302 கன அங்குல எஞ்சினில் 780 ஹாலியை வைத்து விற்றார்கள். அது பந்தய விதிகளுக்காகப் பிறந்த, உயர்ந்த சுற்றில் மட்டுமே விழித்துக்கொள்ளும் எஞ்சின், அதுவும் கையால் கியர் மாற்றுவது. போதாக்குறைக்கு அந்த ஹாலியின் பின்பக்கத் துளைகள்கூட வேக்குவத்தால், அதாவது எஞ்சினின் உறிஞ்சலால்தான் திறந்தன.

இனி உங்கள் கோளாறுகளுக்கு வருகிறேன். எதையும் கழற்றுவதற்கு முன், இக்னிஷனைச் சரிபாருங்கள். மின்சாரத்தை விட்டுவிட்டு அனுப்பும் பழைய தொடுமுனையான பாயிண்ட் இன்னும் இருந்தால், அது மூடியிருக்கும் கோணமான டுவெல் 30 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். டைமிங் லைட் வைத்து, பொறி விழும் நேரமான டைமிங்கையும், அதை வேக்குவத்தால் முன்தள்ளும் டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் அட்வான்ஸ் நகர்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். அட்வான்ஸ் டயஃப்ரம் கிழிந்த காரை, கார்புரேட்டர் கெட்டுவிட்டதென்று சொல்லிக் கொண்டுவந்தவர்கள் என் பட்டறையில் கணக்கில்லை. பிறகு சிலிண்டர்களுக்குக் கலவையைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டில் வேக்குவம் மீட்டரை இணையுங்கள். தொழிற்சாலைக் கேம் உள்ள நல்ல எஞ்சின், உங்கள் ஊர் உயரத்தில், ஐடிலிங்கில் 17 முதல் 21 பாதரச அங்குலம்வரை அசையாமல் காட்டும். முள் அதற்குக் கீழே நின்றால் எங்கோ காற்று கசிகிறது, அல்லது டைமிங் பின்தங்கியிருக்கிறது; புதுக் கார்புரேட்டர் அதைத் தீர்க்காது.

சூட்டில் ஸ்டார்ட் ஆகாததற்கு நான் முதலில் கை வைப்பது கார்புரேட்டரில் அல்ல. வலப்பக்க எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் அடியில் இருக்கும் ஹீட் ரைசர் வால்வில். குளிர்காலக் காலையில் இது மூடிக்கொண்டு, சூடான புகையை இன்டேக் மேனிஃபோல்டின் குறுக்குப் பாதை வழியே அனுப்பிக் கார்புரேட்டரின் அடியை வெதுவெதுப்பாக்குவதற்காக வைக்கப்பட்டது. எஞ்சின் சூடானதும் திறந்துவிட வேண்டும். ஐம்பது ஆண்டுத் துருவில் அது மூடிய நிலையிலேயே இறுகிவிட்டால், டாலஸின் கோடையில் உங்கள் கார்புரேட்டர் அடுப்பில் வைத்த பாத்திரம்தான். எஞ்சினை நிறுத்தியதும் கிண்ணத்தில் பெட்ரோல் கொதித்து, மேனிஃபோல்டுக்குள் சொட்டி, சிலிண்டர்களை நனைத்துவிடும். நீங்கள் சொன்ன வாடையும் அதனால்தான். ஆறிய எஞ்சினில் அந்த வால்வின் எடைக்கட்டையைக் கையால் அசைத்துப் பாருங்கள். அசையாவிட்டால் இறுக்கத்தைப் போக்கும் எண்ணெய் விட்டு விடுவியுங்கள், அல்லது திறந்த நிலையிலேயே இருக்கும்படி செய்துவிடுங்கள். டெக்சாஸில் அது இல்லாமல் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. பத்து விழுக்காடு எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய பெட்ரோலைவிட எளிதில் ஆவியாகிக் கோளாறைக் கூட்டுவதால், எத்தனால் கலக்காத பெட்ரோல் அக்கம்பக்கத்தில் கிடைத்தால் அதை ஒரு டேங்க் நிரப்பிப் பார்ப்பதும் ஒரு சோதனையே.

கறுப்புப் புகை குவாட்ராஜெட்டின் உள்விவகாரம். கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தைக் கட்டுப்படுத்தும் மிதவையான இதன் ஃப்ளோட் நுரைபோன்ற பொருளால் ஆனது. ஆண்டுகள் செல்லச் செல்லப் பெட்ரோலைக் குடித்துக் கனமாகி, கிண்ணத்தில் மட்டம் உயர்ந்துவிடும். வேக்குவத்தால் கீழே இழுத்துப் பிடிக்கப்பட வேண்டிய பவர் பிஸ்டன் (மேலே எழும்போது கலவையில் பெட்ரோலைக் கூட்டுவது), அழுக்கால் மேலே சிக்கிக்கொண்டாலும் இதே புகைதான். சோக் முழுதாகத் திறக்கிறதா என்பதையும் பாருங்கள். இனி மூச்சடைப்பு: காற்றுக்கதவின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், அல்லது அந்தக் கதவு படக்கென்று திறந்துவிடாமல் பிடித்துக்கொள்ளும் வேக்குவம் டயஃப்ரம் கிழிந்திருக்கலாம், அல்லது ஆக்ஸிலரேட்டர் பம்பின் ரப்பர்க் கோப்பை எத்தனாலில் கெட்டிருக்கலாம். கடைசியாகச் சொன்னதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஓட்டி நிறுத்தி ஆறிய எஞ்சினில் ஏர் ஃபில்டரைக் கழற்றி, சோக் தட்டைத் திறந்து பிடித்து, த்ராட்டிலைக் கையால் அசைத்துப் பாருங்கள். இரண்டு மெல்லிய பெட்ரோல் தாரைகள் அக்கணமே பாய வேண்டும். காலையில் மட்டும் பாயவில்லை என்றால், இரவோடிரவாகக் கிண்ணம் வற்றியிருக்கிறது. ஆவியாகியிருக்கலாம், அல்லது கிண்ணத்தின் அடியிலுள்ள அடைப்புகள் கசிகின்றன. அவற்றை எபாக்ஸி கொண்டு மூடுவது இத்தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம்.

இவை அனைத்தையும் ஒரே முறையில் சரிசெய்யலாம். நல்ல பழுதுபார்ப்புத் தொகுப்பு ஒன்று, புது ஃப்ளோட், எத்தனாலைத் தாங்கும் பம்ப் கோப்பை, தேய்ந்திருந்தால் த்ராட்டில் தண்டுக்குப் புஷ், இவ்வளவுதான். குவாட்ராஜெட்டை மட்டுமே கையாளும் வல்லுநர்கள் நாட்டில் இன்னும் இருக்கிறார்கள். சில நூறு டாலர் கேட்பார்கள், அது நியாயமான கூலி. எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு முழுமையான எரிவுக்கான காற்று-பெட்ரோல் விகிதம் 14.7 அன்று, 14.1-ஐ ஒட்டியது என்பதால், முன்பக்க ஜெட்டை (பெட்ரோலை அளந்துவிடும் சிறு துளை) ஒன்றிரண்டு எண் பெரிதாக்கச் சொல்லலாம். ஆனால் ஒரு நிபந்தனையை எழுத்திலேயே கேளுங்கள்: உங்களுடைய கார்புரேட்டரே உங்களுக்குத் திரும்பி வர வேண்டும். கடைகளில் பழையதை வாங்கிக்கொண்டு, புதுப்பித்த வேறொன்றைப் பெட்டியில் போட்டுத் தருவார்கள். அப்படி வந்த ஒன்றை ஒரு வாடிக்கையாளருக்காக ஒருமுறை நம்பி மாட்டினேன். மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு திறந்து பார்த்தால், உடல் ஒரு காருடையது, மூடி இன்னொன்றுடையது, ஜெட் எந்த எஞ்சினுக்கானது என்று சொல்லவே முடியவில்லை. அவருடைய சொந்தக் கார்புரேட்டரோ அதற்குள் எங்கோ போய்விட்டிருந்தது.

உங்களுடையது காரோடு பிறந்ததா என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஓட்டுநர் பக்கத்தில், கார்புரேட்டர் உடலின் செங்குத்தான பரப்பில் எண் பொறிக்கப்பட்டிருக்கும். 7029 என்று தொடங்கினால் 1969ஆம் ஆண்டுடையது. செவ்ரலே கார்களில் கடைசி இலக்கம் இரட்டைப்படை என்றால் ஆட்டோமேட்டிக்குக்கானது, ஒற்றைப்படை என்றால் கைக் கியருக்கானது. எண் பொருந்தினால், அந்த வார்ப்பு உங்கள் காரின் விலையில் ஒரு பகுதி.

ஒருவேளை உடலே விரிசல் விட்டிருந்தாலோ, பெட்ரோல் ஃபில்டர் நட்டின் மரை முற்றிலும் அழிந்திருந்தாலோ, மாற்றத்தான் வேண்டும் என்ற நிலை வரலாம். அப்போது கார்புரேட்டரைப் பற்றி யோசிப்பதற்கு முன் மேனிஃபோல்டைப் பற்றி யோசியுங்கள். உங்கள் இரும்பு மேனிஃபோல்டின் துளைகள் குவாட்ராஜெட்டுக்காகச் சிறிதும் பெரிதுமாக அமைந்தவை. 600 எடெல்பிராக்கும் பொதுவாக விற்கும் ஹாலிகளும் நான்கு துளைகளும் சதுர வரிசையில் அமைந்தவை. நடுவே ஓர் அடாப்டர் தட்டை வைத்து மாட்டிவிடலாம் என்பார்கள். மாட்டலாம், ஆனால் உயரம் கூடிப் பானெட்டில் ஏர் ஃபில்டர் இடிக்கக்கூடும், காற்றுக்கசிவுக்கு இன்னொரு கேஸ்கெட் கூடுதலாகச் சேரும். அதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும்: அந்த ஆண்டுகளின் சில மேனிஃபோல்டுகளில், கார்புரேட்டர் உட்காரும் இடத்திலேயே சூடான புகை ஓடும் ஒரு பள்ளம் வெட்டப்பட்டிருக்கும். அதன்மேல் துருப்பிடிக்காத எஃகுத் தகடு ஒன்று இருந்தாக வேண்டும். அந்தத் தகட்டை யாரோ தூக்கி எறிந்துவிட்டு வெறும் காகித கேஸ்கெட்டோடு அலுமினிய அடிப்பகுதியை வைத்தால், புகை அதைச் சிறிது சிறிதாகத் தின்றுவிடும். உங்கள் மேனிஃபோல்டில் இந்தப் பள்ளம் இருந்தால், மாற்றும்போது அலுமினிய மேனிஃபோல்டையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். குறைந்த உயரமுள்ள, இரண்டு தளம் கொண்ட, சாலைக்கான வகையாக இருக்கட்டும்.

அப்போது என் தேர்வு எடெல்பிராக்கின் ஏ.வி.எஸ்.2 வரிசையில் 650, மின்சார சோக்கோடு. உங்கள் மகன் சொல்லும் 600-உம் கணக்குக்குப் பொருந்துவதே, விலையும் குறைவு. அவரை நான் மறுக்கவில்லை. ஆனால் 650இல் பின்பக்கக் காற்றுக்கதவின் இறுக்கத்தை வெளியிலிருந்தே திருகிச் சரிசெய்யலாம், குவாட்ராஜெட்டைப் போலவே. மிதித்ததும் வரும் மூச்சடைப்பை அந்த ஒரு திருகில் போக்க முடிந்த கார்கள் பல. இவ்விரண்டிலுமே பெட்ரோலின் அளவைக் கட்டுப்படுத்தும் முன்பக்க மீட்டரிங் ராடுகளை, மேலே உள்ள சிறு மூடிகளைத் தளர்த்தி, ஒரு சொட்டுப் பெட்ரோல் சிந்தாமல் மாற்றலாம். ஹாலியே வேண்டும் என்றால் 600, வேக்குவம் செகண்டரி (பின்பக்கத் துளைகள் வேக்குவத்தால் திறப்பது) உள்ளதை வாங்குங்கள். நல்ல கார்புரேட்டர்தான், ஜெட் மாற்றக் கிண்ணத்தைக் கழற்றும்போது சூடான மேனிஃபோல்டின்மேல் பெட்ரோல் கொட்டுவது மட்டும் எனக்குப் பிடிக்காது.

மாட்டும்போது தவறக்கூடிய சில இடங்கள் உண்டு. உங்கள் பழைய சோக்கின் வெப்பச் சுருள் மேனிஃபோல்டில் தனியாக உட்கார்ந்திருப்பது. புதியதில் அது மின்சாரம், சாவி போட்டால் மட்டும் 12 வோல்ட் வரும் இடத்திலிருந்து கம்பி இழுக்க வேண்டும். இக்னிஷன் காயிலிலிருந்து இழுத்துவிடாதீர்கள், பாயிண்ட் உள்ள காரில் அங்கே மின்தடைக் கம்பி வழியாகக் குறைந்த வோல்டேஜ்தான் வரும்; சோக் திறக்கத் தாமதமாகி, மறுபடியும் கறுப்புப் புகை. மூன்று கியர் என்பதால் உங்களுடையது டர்போ ஹைட்ரமேட்டிக் 350 என்று எடுத்துக்கொள்கிறேன். முழுதாக மிதித்தால் கியரைக் கீழே இறக்கும் அதன் கிக்டவுன் கேபிளைப் புதுக் கார்புரேட்டரின் நெம்புகோலில் முறையான பிராக்கெட்டோடு இணைத்து, முழுதாக மிதிக்கும்போது கேபிளும் முழுதாக இழுபடுகிறதா என்று ஒருவரை உள்ளே உட்காரவைத்துப் பாருங்கள். எஞ்சின் சுமைக்கேற்பக் கியர் மாற்றத்தைச் சரிசெய்யும் கியர்பாக்ஸின் மாடுலேட்டருக்குப் போகும் வேக்குவம் குழாயை, த்ராட்டில் தட்டுக்குக் கீழே திறக்கும் முழு வேக்குவம் துளையில்தான் செருக வேண்டும். பெட்ரோல் அழுத்தத்தை மீட்டர் வைத்து அளந்துவிடுங்கள்; எடெல்பிராக்குக்கு 5.5 பி.எஸ்.ஐ. போதும், 6.5-ஐத் தாண்டினால் ஊசி வால்வு அடங்காது. ஏர் ஃபில்டரின் மேல்வாய் இரண்டிலும் 5 1/8 அங்குலமே என்பதால் பழைய மூடி உட்காரும்; அதன் அடித்தட்டு சோக் உறையில் இடிக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும்.

ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தினமும் நெடுந்தொலைவு ஓட்டுகிறவருக்கும், மலைக்கும் சமவெளிக்கும் மாறி மாறிப் போகிறவருக்கும் அது நல்ல தீர்வு. உங்களுக்கு, உயர் அழுத்தப் பம்ப், டேங்க்குக்குள் மாற்றம், திரும்பும் குழாய், புது வயரிங் என்று கார்புரேட்டரைப்போலப் பல மடங்கு செலவாகும். ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்துக்கு அவ்வளவு செலவு செய்யும்படி நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

ஆகவே இந்த வார இறுதியில் ஹீட் ரைசரையும் இக்னிஷனையும் வேக்குவத்தையும் பாருங்கள். கார்புரேட்டரின் எண்ணையும், வேக்குவம் மீட்டரின் முள் நின்ற இடத்தையும் எனக்கு எழுதுங்கள். அதற்குள் அவசரப்பட்டு மாற்றிவிட்டால், கழற்றிய குவாட்ராஜெட்டின் பெட்ரோலை வடித்து, உலரவிட்டு, ஒரு பெட்டியில் காரின் எண்ணை எழுதி வீட்டுக்குள் வையுங்கள். பட்டறையில் விட்டு வராதீர்கள்.